பின்னுதைப்புக் குறைந்த வேட்டைத் துப்பாக்கி

பின்னுதைப்புக் குறைந்த வேட்டைத் துப்பாக்கி என்பது, சுடும்போது தோளில் விழும் உதை குறைவாக இருக்கும் வகையில் தோட்டா, எடை, தண்டின் அளவு ஆகியவற்றைப் பொருத்தித் தெரிவு செய்யப்பட்ட புரிகுழல் துப்பாக்கி ஆகும். புரிகுழல் துப்பாக்கி பொதுவாக ரைஃபிள் என்ற பெயரால் அறியப்படுகிறது. உரிமம் பெற்ற வேட்டை சட்டப்படி நடைபெறும் ஐக்கிய அமெரிக்கா, கனடா, சுவீடன், நார்வே முதலிய நாடுகளில், சிறிய உடலமைப்புக் கொண்டோரும் பெண்களும் பதின்ம வயதினரும் இத்தகைய துப்பாக்கியைத் தேடுவது வழக்கம். ஆயினும் உதை குறைந்த துப்பாக்கி எவருக்கும் நன்மையே செய்யும். பெரிய உடல் கொண்டோர் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குவர் என்பதே வேறுபாடு.

இத்தெரிவில் ஒரு முரண் உள்ளது. தொலைவிலுள்ள விலங்கை உடனே வீழ்த்துவதற்குக் குண்டில் போதிய ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும். ஆற்றல் கூடினால் உதையும் கூடும். உதை கூடினால் சுடுபவரின் குறி கெடும். குறி கெட்டால் விலங்கு சாகாமல் காயத்துடன் காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் அல்லது நாட்கணக்கில் துன்புற்று இறக்கும். எனவே இது வெறும் வசதி பற்றிய சிக்கல் அன்று.

பின்னுதைப்பின் இயற்பியல்

நியூட்டனின் மூன்றாம் விதியும் உந்த அழிவின்மை விதியும் பின்னுதைப்பை விளக்குகின்றன. குண்டும் அதன் பின்னால் வரும் எரிவளிமமும் முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. இதில் எரிவளிமத்தின் பங்கைப் பலர் மறந்துவிடுகின்றனர். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வளிமம் குழல்வாயை விட்டுக் குண்டைவிட விரைவாக வெளியேறுகிறது. கணக்கீடுகளில், ஆற்றல் மிக்க ரைஃபிள்களுக்கு அதன் வேகம் குண்டின் வேகத்தைப் போல் 1.75 மடங்கு எனக் கொள்வது வழக்கம்.

எடுத்துக்காட்டாக, 6.5 கிரீட்மோர் என்னும் தோட்டாவைக் கொள்ளலாம். 9.3 கிராம் குண்டு நொடிக்கு 823 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் உந்தம் ஏறத்தாழ 7.6 அலகு (கிலோகிராம் மீட்டர்/நொடி). 2.7 கிராம் வெடிமருந்தின் வளிமம் மேலும் 3.9 அலகு சேர்க்கிறது. ஆக மொத்தம் 11.5 அலகு. தொலைநோக்கிக் குறிகாட்டியுடன் சேர்த்துத் துப்பாக்கியின் எடை 3.4 கிலோ எனில், அது நொடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகரும். அதன் இயக்க ஆற்றல் சுமார் 19.5 ஜூல் ஆகும். இதுவே கட்டற்ற பின்னுதைப்பு ஆற்றல் எனப்படுகிறது.

அதே 3.4 கிலோ எடையில், வழக்கமான வேட்டைக் குண்டுகளுடன் பிற தோட்டாக்களைக் கணக்கிட்டால் .243 வின்செஸ்டர் சுமார் 15 ஜூல், 7 மிமீ-08 ரெமிங்டன் 21 ஜூல், .308 வின்செஸ்டர் 24 ஜூல், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 32 ஜூல், .300 வின்செஸ்டர் மேக்னம் 47 ஜூல் என வருகின்றன. குண்டின் எடையும் வெடிமருந்தின் அளவும் மாறினால் இவ்வெண்களும் மாறும். எனினும் வரிசை பெரும்பாலும் மாறாது. காலாட்படை வீரரின் துப்பாக்கிக்கு ஏறத்தாழ 20 ஜூலை உச்சவரம்பாக 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியப் படைத்துறை நூல் குறித்தது. பயிற்சி பெற்ற இளம் வீரருக்கே இந்த வரம்பு எனில், ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் சுடும் ஒருவருக்கு 30 ஜூலுக்கு மேற்பட்ட துப்பாக்கியைப் பரிந்துரைப்பது சரியன்று.

உதையச்சம்

உதையால் வரும் பெரிய தீங்கு தோள்வலி அன்று. உதையை எதிர்பார்த்து உடல் தன்னறியாமல் முன்கூட்டியே எதிர்வினை செய்வதே பெரிய தீங்கு. கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னே தள்ளும், விரல் விசைவில்லைச் சடக்கென இழுக்கும். இவை எல்லாம் குண்டு வெளியேறும் முன்னரே நிகழ்ந்துவிடுகின்றன. சுட்டவருக்கோ தான் அசைந்ததே தெரியாது. வெடிப்பும் உதையும் அதை மறைத்துவிடும். குறி தவறியதற்குக் குறிகாட்டியையோ தோட்டாவையோ குறை கூறுவது இதனால்தான்.

இதைக் கண்டறிய எளிய முறை ஒன்று உண்டு. மருந்தில்லாத போலித் தோட்டாக்களை உண்மையான தோட்டாக்களுடன் கலந்து, சுடுபவருக்குத் தெரியாத வரிசையில் வேறொருவர் நிரப்பித் தர வேண்டும். போலித் தோட்டா வரும்போது வெடிப்பு இராது. ஆனால் குழல்வாய் திடீரெனக் கீழே தாழ்வது எல்லோருக்கும் தெரியும். முதன்முறை இதைக் காண்போர் பெரும்பாலும் வியப்படைகின்றனர்.

உதையச்சம் ஒருமுறை பற்றிக்கொண்டால் நீக்குவது கடினம். எனவே புதியவர்களுக்கு .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் பயிற்சி தொடங்குகின்றனர். அதன் உதை ஒரு ஜூலுக்கும் குறைவு. "பெரிய துப்பாக்கியில் தொடங்கினால் பின்னர் எல்லாம் எளிதாகும்" என்று சிலர் கூறும் அறிவுரை பிழையானது. சிரிப்புக்காகப் புதியவர் கையில் பெருந்துப்பாக்கியைக் கொடுக்கும் பழக்கத்தால் பலர் இவ்விளையாட்டையே கைவிட்டுள்ளனர். உதையைப் போலவே வெடிப்பொலியும் அச்சத்தை உண்டாக்குவதால், காதடைப்பானும் அதன்மேல் காதுறையும் சேர்த்து அணிவது நல்ல பயன் தரும்.

தோட்டாத் தெரிவு

உதை குறைந்த தோட்டா என்றவுடன் நினைவுக்கு வருவது 1955 இல் அறிமுகமான .243 வின்செஸ்டர் ஆகும். இது .308 வின்செஸ்டர் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி 6 மிமீ குண்டைப் பொருத்தியதால் உருவானது. நடுத்தர அளவு மான்களுக்கு இது போதுமானது. 6.5 கிராம் குண்டு குழல்வாயில் சுமார் 2,630 ஜூல் ஆற்றலுடன் புறப்பட்டு, 457 மீட்டரில் (500 கெசம்) 1,100 ஜூல் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே நெடுந்தொலைவுக்கும் பெரிய விலங்குகளுக்கும் இதில் மிச்சம் அதிகம் இல்லை. சிறுவர்களுக்கு உரிய துப்பாக்கி என்று இது அழைக்கப்பட்டாலும், குறுகிய குண்டைச் சரியான இடத்தில் செலுத்தும் திறமை இதற்குக் கூடுதலாகவே வேண்டும்.

6.5 மிமீ விட்டமுடைய தோட்டாக்கள் இதற்கு நல்ல விடை தருகின்றன. இவ்விட்டத்தில் குண்டை நீளமாகவும் ஒல்லியாகவும் அமைக்கலாம். ஒல்லியான நீண்ட குண்டு காற்றுத்தடையை எளிதில் வெல்வதால் வேகத்தை மெதுவாகவே இழக்கிறது. மேலே குறிப்பிட்ட 6.5 கிரீட்மோர் குண்டு சுமார் 3,140 ஜூலுடன் புறப்பட்டு 457 மீட்டரில் 1,770 ஜூலை வைத்திருக்கிறது. .308 வின்செஸ்டரின் 9.7 கிராம் குண்டோ 3,590 ஜூலுடன் புறப்பட்டாலும், அதே தொலைவில் குண்டின் வடிவத்தைப் பொறுத்து 1,100 முதல் 1,500 ஜூல் வரையே எஞ்சுகிறது. அதாவது தோளில் குறைவாக உதைக்கும் துப்பாக்கி தொலைவில் வலிமையாக அடிக்கிறது. தொடக்கத்தில் கூறிய முரண் முற்றிலும் நீங்காவிட்டாலும், அதன் பெரும்பகுதி குண்டின் வடிவத்தால் தணிகிறது.

6.5 கிரீட்மோர் 2007 இல் ஹார்னடி நிறுவனத்தால் அறிமுகம் செய்யப்பட்டது. முதலில் இலக்குச் சுடுதலுக்காகவே வடிவமைக்கப்பட்ட இது, பின்னர் வேட்டையாளரிடையே பரவியது. ஆனால் இதன் கருத்து புதியதன்று. சுவீடனும் நார்வேயும் கூட்டாக உருவாக்கிய 6.5×55 மிமீ தோட்டா 1890களிலிருந்து அதே பணியைச் செய்து வருகிறது. 1997 இல் வந்த .260 ரெமிங்டனும் ஏறத்தாழ இதே திறனுடையது. பெயர் பெற்றதில் மட்டுமே அது பின்தங்கியது.

சற்றுக் கனமான குண்டு வேண்டுவோர்க்கு 1980 இல் வெளிவந்த 7 மிமீ-08 ரெமிங்டன் பொருந்தும். 1892 இல் தோன்றிய 7×57 மிமீ மாசரும் இதற்கு இணையானது. இவற்றுக்கு அப்பால், மேக்னம் எனப் பெயர் கொண்ட தோட்டாக்களைச் சிறிய உடலமைப்புடையோர் தேடத் தேவையில்லை. முழு ஆற்றல் தோட்டாவுக்குப் பதிலாக, வெடிமருந்து குறைத்து நிரப்பப்பட்ட தோட்டாக்களும் விற்பனையில் உள்ளன. ஏற்கெனவே .308 அல்லது .30-06 துப்பாக்கி வீட்டில் இருந்தால் இவை பயிற்சிக்கும் அண்மைத் தொலைவு வேட்டைக்கும் உதவும், நெடுந்தொலைவுக்கு உதவா.

துப்பாக்கியின் எடை

சிறியவருக்குச் சிறிய, இலேசான துப்பாக்கி என்பது கடைகளில் அடிக்கடி நிகழும் தவறு. உந்தம் மாறாதிருக்கும்போது பின்னுதைப்பு ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. முன்னர்க் கணக்கிட்ட 6.5 கிரீட்மோரையே 2.5 கிலோ எடையுள்ள மலைவேட்டைத் துப்பாக்கியில் சுட்டால் உதை 26 ஜூலைத் தாண்டுகிறது. இது 3.4 கிலோ .308 துப்பாக்கியின் உதையைவிட அதிகம். மென்மையான தோட்டாவைத் தெரிவு செய்து பெற்ற நன்மை முழுவதும் எடைக் குறைப்பில் கரைந்துவிடுகிறது. அதே தோட்டா 4.5 கிலோ துப்பாக்கியில் 15 ஜூலுக்கும் குறைவாக உதைக்கும்.

ஆனால் 4.5 கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் மலையேறுவது, 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எளிதன்று. களைத்த கைகளும் குறியைக் கெடுக்கும். குறிகாட்டியுடன் 3.4 முதல் 4 கிலோ வரை என்பது பெரும்பாலோர்க்கு நடுநிலையான அளவு. மேடையில் அமர்ந்து காத்திருக்கும் வேட்டைக்கு இதைவிடக் கனமானதையும் கொள்ளலாம். எடை குழலின் முன்பகுதியில் குவிந்திருந்தால் கை நீட்டித் தாங்குவது கடினம் என்பதால், மொத்த எடையுடன் சமநிலையையும் கடையிலேயே தூக்கிப் பார்க்க வேண்டும்.

தண்டின் அளவும் பொருத்தமும்

துப்பாக்கியின் தோளில் பொருந்தும் பின்பகுதி தண்டு எனப்படும். விசைவில்லிலிருந்து தண்டின் கடைசி வரை உள்ள நீளம் பொதுவான அமெரிக்கத் துப்பாக்கிகளில் 34 முதல் 35 செமீ வரை இருக்கும். கை குட்டையானவருக்கு இது நீளமாகும். அவர் தண்டைத் தோளின் குழிவில் வைக்க இயலாமல் புயத்தின் மேல் வைப்பார். உடலைப் பின்னே சாய்ப்பார். தலையை முன்னே நீட்டுவார். இந்நிலையில் 15 ஜூல் உதையும் வலிக்கும். உதை தாங்காதவர் என்று கருதப்படும் பலருக்கு உண்மையில் நீளம் பொருந்தாத தண்டே காரணம்.

இளையோர் துப்பாக்கிகளில் தண்டின் நீளம் 30 முதல் 32 செமீ வரை அமைகிறது. சிலவற்றில் இடைத்தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் நீளத்தை மாற்றலாம். வளரும் பிள்ளைக்கு இது மிகவும் ஏற்றது. பெண்களின் உடலமைப்புக்கென்றே தண்டை வடிவமைத்த துப்பாக்கிகளும் உள்ளன. வெதர்பி நிறுவனத்தின் கமில்லா அவற்றுள் ஒன்று. குளிர்காலத் தடித்த உடை தண்டின் நீளத்தைக் கூட்டியது போன்ற விளைவைத் தரும் என்பதால், வேட்டையில் அணியும் உடையுடனேயே அளவு பார்ப்பது நல்லது. தண்டின் மேல்விளிம்பு கன்னத்தைத் தாங்கும் உயரத்தில் இருத்தல் வேண்டும். இல்லையெனில் குறிகாட்டியைப் பார்க்கக் கழுத்தை நீட்ட நேரிடும். உதையின்போது தண்டு கன்ன எலும்பில் மோதும்.

தண்டு குட்டையானால் கண் குறிகாட்டிக்கு நெருங்கிவிடும். பெரும்பாலான வேட்டைக் குறிகாட்டிகளில் கண்ணுக்கும் கண்ணருகு வில்லைக்கும் இடையே 8 முதல் 10 செமீ இடைவெளி தேவை. அதைவிட நெருங்கினால் குறிகாட்டியின் விளிம்பு புருவத்தை வெட்டிவிடும். தண்டைக் குறைத்தவர்கள் குறிகாட்டியையும் முன்னே தள்ளிப் பொருத்த மறப்பதே இதற்கு வழக்கமான காரணம்.

தண்டின் கடைசியில் பொருத்தப்படும் மென்மையான இரப்பர் அட்டை உதையின் மொத்த ஆற்றலைக் குறைப்பதில்லை. அதை நீண்ட நேரத்திலும் அகன்ற பரப்பிலும் பரப்புகிறது. செலவு குறைந்த, பயன் மிகுந்த மாற்றம் இதுவே.

குழல்வாய்த் தடுப்பானும் ஒலியடக்கியும்

குழல்வாய்த் தடுப்பான் என்பது குழலின் முனையில் திருகப்படும், பக்கத்துளைகள் கொண்ட உலோகத் துண்டு ஆகும். வெளியேறும் வளிமத்தை இது பக்கவாட்டிலும் பின்புறமும் திருப்பி விடுகிறது. மொத்த உந்தத்தில் வளிமத்தின் பங்கு 6.5 கிரீட்மோரில் மூன்றில் ஒன்று; .300 வின்செஸ்டர் மேக்னத்தில் ஐந்தில் இரண்டு. ஆகவே தடுப்பான் மேக்னம் தோட்டாக்களிலேயே கூடுதல் பயன் தரும்.

இதன் விலை செவியில் கொடுக்கப்படுகிறது. தடுப்பான் இல்லாமலே ரைஃபிளின் வெடிப்பொலி 160 டெசிபெல் அளவுக்கு இருக்கும். 140 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒற்றை வெடிப்பொலியே செவிக்கு நிலையான கேடு செய்ய வல்லது. தடுப்பான் அவ்வொலியைச் சுடுபவரின் பக்கமும் அருகில் இருப்போர் பக்கமும் திருப்புகிறது. விலங்கு திடீரெனத் தோன்றும் வேட்டைக்களத்தில் காதுறை அணிய நேரம் கிடைப்பதில்லை. பயிற்சிக் களத்தில் தடுப்பானைப் பொருத்திப் பழகி, வேட்டையின்போது கழற்றிவிடுவோரும் உண்டு. அப்போது குண்டு படும் இடம் சிறிது மாறக்கூடும் என்பதால் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஒலியடக்கி உதை, ஒலி இரண்டையும் குறைக்கிறது. பின்லாந்து, நார்வே ஆகிய நாடுகளில் வேட்டையில் இது சாதாரணமானது. ஐக்கிய அமெரிக்காவில் 1934 ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டத்தின் கீழ் பதிவு செய்தே வைத்திருக்க இயலும். சில மாநிலங்கள் முற்றிலும் தடை செய்துள்ளன.

தொலைவின் எல்லை

நெடுந்தொலைவு என்பது துப்பாக்கியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 முதல் 25 செமீ அகலமுடையது. 6.5 கிரீட்மோர் குண்டு 457 மீட்டரைக் கடக்க 0.6 நொடிக்கு மேல் ஆகிறது. மணிக்கு 16 கிமீ வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அந்நேரத்தில் குண்டை ஏறத்தாழ 37 செமீ தள்ளிவிடும். காற்றின் வேகத்தைப் பாதியாக மதிப்பிட்டவரின் குண்டு 18 செமீ விலகி, உயிர்நிலைக்கு வெளியே வயிற்றிலோ காலிலோ படும். சுடுபவர் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும், விசைவில்லை இழுத்த கணத்துக்கும் குண்டு சேரும் கணத்துக்கும் இடையே விலங்கு ஓரடி எடுத்து வைக்கக்கூடும். 200 மீட்டரில் இத்தொல்லைகள் பெரும்பாலும் இல்லை.

மானுக்கு 1,000 அடி-பவுண்டு (1,356 ஜூல்), எல்க் என்னும் பெரிய மானுக்கு 1,500 அடி-பவுண்டு (2,034 ஜூல்) ஆற்றல் குண்டு படும் இடத்தில் வேண்டும் என்பது அமெரிக்க வேட்டையாளரிடையே வழங்கும் விதி. இது அனுபவ வழக்கே அன்றி அறிவியல் முடிவு அன்று. இதன்படி .243 வின்செஸ்டர் மானுக்கு 350 மீட்டர் வரையும், 6.5 கிரீட்மோர் எல்க்குக்கு ஏறத்தாழ அதே தொலைவு வரையும் செல்லும். களத்தில் கிடைக்கும் நிலையில், அதாவது அமர்ந்தோ முதுகுப்பையில் துப்பாக்கியைச் சாய்த்தோ, பத்தில் பத்துக் குண்டுகளையும் 20 செமீ வட்டத்துள் எவ்வளவு தொலைவு வரை ஒருவரால் செலுத்த இயலுமோ, அதுவே அவரது எல்லை. பலருக்கு அது தோட்டாவின் எல்லையைவிட மிகக் குறைவு.

சட்ட வரையறைகள்

உதையைக் குறைக்கும் முயற்சி சட்டம் விதித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே செல்லக் கூடாது. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பெருவிலங்கு வேட்டைக்கு ரைஃபிள் குழலின் விட்டம் 0.24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மானுக்குக் குண்டு 4.5 கிராமும், எல்க், மூஸ் ஆகியவற்றுக்கு 5.5 கிராமும் இருத்தல் வேண்டும். 100 கெசத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் தேவை. எனவே அங்கு .243 வின்செஸ்டர் எல்க்குக்கும் சட்டப்படி செல்லும். நெடுந்தொலைவில் அது போதுமா என்பது வேறு கேள்வி.

சுவீடனில் மூஸ் வேட்டைக்கு 9 முதல் 10 கிராம் வரையுள்ள குண்டு 100 மீட்டரில் 2,700 ஜூலும், 10 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட குண்டு 2,000 ஜூலும் கொண்டிருக்க வேண்டும். 6.5×55 மிமீ தோட்டாவின் 10.1 கிராம் குண்டு இரண்டாம் விதியின்படி எளிதில் தேறுகிறது. அந்நாட்டில் அத்தோட்டா தலைமுறைகளாக மூஸ் வேட்டையில் நிலைத்திருப்பதில் வியப்பில்லை.

வரலாற்று எடுத்துக்காட்டுகள்

மென்மையான தோட்டாவின் திறனுக்குச் சான்றாக இசுக்காட்லாந்தைச் சேர்ந்த டபிள்யூ. டி. எம். பெல் அடிக்கடி குறிப்பிடப்படுகிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் அவர் நூற்றுக்கணக்கான யானைகளை 7×57 மிமீ துப்பாக்கியால் வீழ்த்தினார். ஆனால் இதிலிருந்து சிறு தோட்டா எதற்கும் போதும் என முடிவு செய்வது தவறு. அவர் யானையின் மண்டையோட்டு அமைப்பை அறுத்துப் பார்த்துக் கற்றவர்; மிக அருகிலிருந்து சுட்டவர். அமெரிக்க வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானரின் மனைவி எலினோர் ஓ'கானர் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆவார். அவரும் நீண்ட காலம் 7×57 மிமீ மாசரையே பயன்படுத்தினார்.

இந்தியாவிலும் இத்தோட்டாவுக்கு ஒரு வரலாறு உண்டு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907 இல் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்த துப்பாக்கி .275 ரிக்பி ஆகும்; இது 7×57 மிமீ மாசரின் பிரித்தானியப் பெயரே. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் வனவிலங்கு வேட்டை தடை செய்யப்பட்டுள்ளது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கு போன்ற சில நேர்வுகளில் மட்டும் அதிகாரம் பெற்ற அலுவலரின் ஆணைப்படி விலக்கு அளிக்கப்படுகிறது. கார்பெட்டின் துப்பாக்கி 2015 இல் அதைத் தயாரித்த ஜான் ரிக்பி நிறுவனத்திடமே திரும்பிச் சேர்ந்தது.